எலிக்கு வாங்கிய பீடி

திருநகரைத் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் போகும்போது இடது கைப் பக்கம் ஒரு மண் பாதை பிரியும். அந்தப் பாதையின் பாதியில் ஒரு புளியமரம். காசிமாயன் தினமும் காலையில் அந்த மரத்தடியில் நிற்பான். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்த மரம் வரைக்கும்தான் அவனுடைய வலது கால் வரும். அதற்கு மேல் கெண்டைச்சதையைக் கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி வலி எடுக்கும். கொஞ்ச நேரம் நின்றால் வலி இறங்கும், மறுபடி நடக்கலாம். நிற்கிற நேரம் வீணாகக் கூடாது என்று ஒரு பீடியைப் பற்ற வைத்துக்கொள்வான். காலைக் கெடுத்ததே அந்தப் பீடிதான் என்று அவனுக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் கொஞ்ச காலம் அதையேதான் செய்தான், அது வேறு விஷயம்.

தெரிய வைத்தவர் மதுரைப் பெரியாஸ்பத்திரி டாக்டர். எண்பத்தாறாம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த சமயம். வலது கால் சுண்டுவிரல் நுனி கறுத்துக் கருவாடு மாதிரி காய்ந்துபோயிருந்தது. டாக்டர் விரலைப் பார்த்தார். பிறகு காசிமாயனின் கைவிரல்களைத் திருப்பி, மஞ்சள் பூத்திருந்த நகங்களைப் பார்த்தார்.

"எப்ப இருந்து பீடி?"

"விவரம் தெரிஞ்சதுல இருந்து சார்."

"கால்ல ரத்தக் குழாய் சுருங்கி அடைச்சுக்கிட்டே வருது. இன்னைக்கே விட்டா காலு நிக்கும். விடலைன்னா இப்ப விரலு, அடுத்து பாதம், அப்புறம் முழங்காலு. மறைச்சுப் பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல. பீடியா, காலா? நீயே சொல்லு."

"காலுதான் சார்," என்றான் காசிமாயன். அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சொல்லிவிட்டு வெளியே வந்தவன், எப்படி விடுவது என்று நிதானமாக யோசிப்பதற்காக ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே நின்று ஒரு பீடியைப் பற்ற வைத்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். விட்டுப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவனுக்குச் சொந்த ஊர் நாகமலைக்கு மேற்கே. மானாவாரி நிலம், மழையை நம்பிய பிழைப்பு. அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாட்டை இரவல் கேட்டால் இல்லை என்பார்கள், பெண் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆனால் பீடி கேட்டவனுக்கும் நெருப்புக் கேட்டவனுக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். காசிமாயனின் அப்பாவுக்கும் அவருடைய பங்காளிக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தையே அறுந்துபோயிருந்தது. ஆனாலும் எதிர்ப்படுகிறபோது பங்காளி பீடியை வாயில் வைத்துக்கொண்டு நின்றால், அப்பா முகத்தைப் பார்க்காமலே தன் பீடியை நீட்டுவார். அவர் பற்ற வைத்துக்கொண்டு திருப்பித் தருவார். பிறகு இரண்டு பேரும் விரோதிகளாகவே நடந்து போவார்கள். ஒருவன் நமநமத்துத் தவிக்கும்போது கையில் வைத்துக்கொண்டு இல்லை என்பது அவர்கள் பார்வையில் ஈனத்தனம். நீட்டிய பீடியை வேண்டாம் என்பதும் ஏறக்குறைய அதே அளவு ஈனத்தனம். காசிமாயன் ஊரை விட்டு வந்து திருப்பரங்குன்றத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தான், மனைவி ஜெயக்கொடி கோயில் தெருவில் தேங்காய் பழம் விற்றாள், எல்லாம் மாறிவிட்டது, இந்த ஒரு வழக்கம் மட்டும் சட்டைப் பையில் கூடவே வந்துவிட்டது.

மண் பாதையின் கோடியில் இருந்தது ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடம். அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர் வேலை அவனுக்கு. கூண்டு கழுவ வேண்டும், மரத்தூள் மாற்ற வேண்டும், தீனி வைக்க வேண்டும், தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து மாட்ட வேண்டும். வெள்ளை எலிகள், சிவந்த கண். முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு ஆடு மாடு மேய்த்த கை அல்லவா, பழகிப்போனது.

அந்த வருஷம் எலி வீடு முழுவதும் ஆரிபா மேடத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. காஜிமார் தெருக்காரர், முப்பதைத் தாண்டியவர், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வேகமான பெண். பேச்சு வேகம், நடை வேகம், காசிமாயனுக்கு ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அறையில் இருப்பார். ஏன் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்க இவனுக்கும் தோன்றியதில்லை. எல்லாம் அங்கேதான் கோளாறாயிற்று.

இரண்டு வரிசைக் கூண்டுகள். வலது வரிசைக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர். இடது வரிசைக்கு அதே இனிப்புத் தண்ணீரில் நிக்கோட்டின், அதாவது புகையிலையின் சாரம். கசப்புத் தெரியாமலிருக்கத்தான் இனிப்பு. மாதக்கணக்கில் அதைக் குடித்தன இடது வரிசை எலிகள். தொடக்கத்தில் மந்தமாகச் சுருண்டு கிடந்தவை, நாளாக நாளாகத் தெளிந்து, வலது வரிசையை விடச் சுறுசுறுப்பாகிவிட்டன. தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு பெரிய மரப்பெட்டி உண்டு. ஆரிபா ஒவ்வொரு எலியாக அதில் விட்டு, எத்தனை கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பார். புகையிலைத் தண்ணீர் எலிகள் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி ஓடித் திரியும்.

"பீடி குடிச்சா வேலை ஓடும்னு நாங்க சொன்னா யாரும் நம்புறதில்ல மேடம்," என்றான் காசிமாயன்.

"ஓடும்ணே. நிறுத்துனா என்ன ஆகும்னு பாப்போம்," என்று சொல்லிவிட்டு ஆரிபா போய்விட்டார்.

டாக்டர் சொன்ன பிறகு, யோசிப்பதற்காகப் பிடித்த பீடிகள் எல்லாம் போக, ஒரு வெள்ளிக்கிழமை காசிமாயன் நிஜமாகவே விட்டான். ஜெயக்கொடி அவன் கையைப் பிடித்து மலை மேல் இருக்கிற முருகன் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். அதே வாரம் ஆரிபா இடது வரிசையைக் காட்டி, "இனிமே இந்த வரிசைக்கும் வெறும் சாக்கரின் தண்ணிதாண்ணே. மருந்து கிடையாது. நான் மெட்ராஸ் போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

விட்ட பிறகுதான் தெரிந்தது, பீடி அவனுக்குள் எத்தனை இடத்தில் உட்கார்ந்திருந்தது என்று. டீ குடித்தால் குடித்த மாதிரி இல்லை. சோறு தின்றால் தின்று முடித்த மாதிரி இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொன்னது, எழுந்தால் எங்கே போக என்று தெரியவில்லை. கூண்டுக் கதவின் சத்தம் காதுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. பஸ் கண்டக்டரோடு காரணமில்லாமல் மல்லுக்கு நின்றான். பொட்டுக்கடலையைக் கை கையாக அள்ளித் தின்றான். ஜெயக்கொடி ஒரு நாள் சும்மா, "இன்னைக்கு வெயிலு அதிகம்" என்றாள். அதற்கு அவன் சண்டைக்குப் போனான்.

"மனசு வச்சா விடலாம்யா. உனக்கு மனசு இல்ல," என்றாள் அவள். அது அவனைக் குத்தியது. மனசு வைத்திருக்கிறானே. அதை வைத்துத்தானே இந்தப் பாடு படுகிறான்.

எலி வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கூத்து. இடது வரிசை எலிகள் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. நின்றன, மறுபடி சுற்றின. ஒன்றையொன்று கடித்தன. பாட்டில் முனையைக் கவ்விக் குடித்துப் பார்த்துவிட்டு, இது அது இல்லை என்பது போல விலகி, திரும்பவும் வந்து குடித்துப் பார்த்தன. வாளி வைக்கிற சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டுத் துள்ளின. பல்லை நறநறவென்று கடித்தது ஒரு பெரிய எலி. காசிமாயன் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கும் இல்லையாடா," என்றான் அதனிடம்.

அவனாவது விட வேண்டும் என்று விட்டவன். டாக்டர் சொன்னார், கால் போகும் என்று பயந்து விட்டான். இந்த வாயில்லாத சீவன்கள் யாரிடம் சத்தியம் செய்தன? பழக்கிவிட்டதும் இவர்கள்தான், பிடுங்கிக்கொண்டதும் இவர்கள்தான். ஒருத்தன் தவிக்கும்போது இல்லை என்று சொல்லக் கூடாது என்கிற அப்பாவின் வழக்கம் அவனை எழுப்பிவிட்டது. பாதை முனைக்கடையில் ஒரு கட்டுப் பீடி வாங்கினான். பிரித்துப் புகையிலையை உதிர்த்து, வெள்ளைத் துணியில் முடிந்து, தண்ணீரில் ஊறப் போட்டான். சாயம் இறங்கியதும் வடிகட்டி, துடிக்கிற கூண்டுகளின் பாட்டிலில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஒரு கூண்டை விட்டு ஒரு கூண்டுக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

எலிகள் குடித்தன. அடங்கின. மதியம் போல எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கியதைப் பார்த்தபோது அவனுக்கு அன்னதானம் போட்ட நிறைவு.

ஆனால் ஒரு கட்டுப் பீடியில் எலிகளுக்குத் தேவைப்பட்டது பாதிதான். மீதியை என்ன செய்வது? எறியலாம். எறிய நினைத்துத்தான் கையில் எடுத்தான். உழைத்த காசை எறிவதும் பாவம் என்று பட்டது. அன்றைக்கு ஒன்று, மறுநாள் இரண்டு. பிறகு எலிகளுக்கென்று தினமும் வாங்க வேண்டியிருந்தது. கடையில் கட்டை வாங்கும்போது, நான் குடிக்கிறதற்காக வாங்கவில்லை என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டது முழுப் பொய்யும் இல்லை. அந்த மாதிரிப் பாதிப் பொய்தான் ஆளைச் சுகமாகக் கவிழ்க்கும். எலியின் பங்கு குறைந்துகொண்டே வந்தது, ஆளின் பங்கு ஏறிக்கொண்டே போனது. புளியமரத்தடியில் பழையபடி புகை எழுந்தது.

மெட்ராஸிலிருந்து திரும்பிய ஆரிபா இடது வரிசை எலிகளைக் கட்டம் போட்ட பெட்டியில் விட்டுப் பார்த்தார். ஒன்றும் பதறவில்லை. மறுபடி பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. பட்டத்துக்குக் கொடுத்த கால அவகாசம் முடியப் போகிறது என்பது காசிமாயனுக்கும் தெரியும். மேடம் ஏன் முகம் வாடிப்போய் இருக்கிறார், எலிகள்தான் நல்லா இருக்கின்றனவே என்று அவனுக்குப் புரியவில்லை. சொல்லிக்காட்டாமல் செய்கிற புண்ணியம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அந்தப் புண்ணியத்தை ஜெயக்கொடி துவைக்கிற கல்லில் வைத்து உடைத்தாள். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பீடிக் கட்டு. அவள் சத்தம் போடவில்லை. கட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"முருகன் மேல பண்ணுன சத்தியம்யா."

"எனக்கு இல்ல, ஜெயக்கொடி. எலிக்கு வாங்குனது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். குடிகாரன் சொல்கிற பொய், கடன்காரன் சொல்கிற பொய் எல்லாம் கேட்டவள். இந்த மாதிரி ஒன்றை அவள் கேட்டதில்லை. "எலி பீடி குடிக்குதா?" என்றாள். "குடிக்காது. ஊற வச்சு ஊத்துறேன்," என்றான் அவன். ஊரிலேயே எவனும் நம்பாத சாக்கு, உலகத்தில் அவன் ஒருவன் விஷயத்தில் மட்டும் பாதி உண்மை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், தேங்காய்க் கூடையை அப்படியே போட்டுவிட்டு, அவள் பஸ் ஏறி ஆராய்ச்சிக் கூடத்துக்கே போய்விட்டாள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி அவன் பின்னால் ஓடினான். ஓடக் கால் விடவில்லை. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சு வாங்கி நின்றபோது, அவள் எலி வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என் வீட்டுக்காரரு எலிக்குப் பீடி வாங்குறேன்னு சொல்றாரு. இங்க எலிக்கெல்லாம் பீடி குடுக்குறீங்களா? நெசமாம்மா?"

ஆரிபா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பிப் போய் ஒரு பாட்டிலைக் கழற்றி முகர்ந்தார். அடுத்ததை முகர்ந்தார். வரிசையாக எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டே போனார்.

காசிமாயன் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"எப்ப இருந்துண்ணே?"

"நீங்க ஊருக்குப் போனதுல இருந்து மேடம். பாவமா இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு கெடந்துச்சுக. வேணும்னு பண்ணல."

"எல்லாக் கூண்டுக்குமா?"

"துடிச்ச கூண்டுக்கெல்லாம்."

ஆரிபா ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து காசிமாயன் பார்த்ததே இல்லை. திட்டுவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை. அவர் தாழ்ந்த குரலில், முதல் தடவையாக, என்ன செய்துகொண்டிருந்தேன் என்று விளக்கினார்.

"மூளைக்குள்ள சின்னச் சின்ன வாசல் இருக்குண்ணே. ரிசப்டர்னு பேரு. நிக்கோட்டின் வந்து அந்த வாசலைத் தட்டும். ஓயாம தட்டுனா கதவு மரத்துப்போகுது. அதனால மூளை என்ன பண்ணுதுன்னா, வாசலை இன்னும் அதிகமாக்கிக்கிடுது. இது வெளிநாட்டுல எலி மூளையை எடுத்துப் பாத்து இப்பத்தான் சொல்லிருக்காங்க. திடீர்னு மருந்தை நிறுத்துனா அம்புட்டு வாசலும் தெறந்து கெடக்கும், வர்ற ஆளு வரமாட்டான். அந்தத் தவிப்பைத்தான் நீங்க பாத்தீங்க."

காசிமாயன் நெஞ்சில் கை வைத்தான். ஜெயக்கொடியைப் பார்த்தான். மனசு இல்லை, மனசு இல்லை என்றாளே. மனசு இல்லாமல் இல்லை. வாசல் அதிகம். இத்தனை நாள் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்த ஒரு கேவலம் அந்த நிமிஷத்தில் அவனை விட்டு இறங்கியது. அதற்குப் பின்னாலேயே ஒரு கேள்வி ஏறி உட்கார்ந்தது.

"மேடம், அந்த வாசலெல்லாம் திரும்பச் சாத்துமா? எம்புட்டு நாள்ல சாத்தும்?"

ஆரிபா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அதத்தாண்ணே நான் பாக்க இருந்தேன். மருந்தை நிறுத்திச் சில வாரம் கழிச்சு மூளையைப் பாத்தாத் தெரியும். அதுக்குன்னு வச்சிருந்தது இந்த வரிசைதான்."

ஜெயக்கொடி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவன் காலுக்கு வேண்டிய பதில் அந்தக் கூண்டுகளுக்குள்தான் இருந்திருக்கிறது. அதில் அவனே பீடித் தண்ணீரை ஊற்றிக் கெடுத்திருக்கிறான்.

ஆரிபா மேலிடத்தில் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. தண்ணீர் மாறிப்போய்விட்டது, என் கவனக்குறைவு என்று சொல்லி அவகாசம் கேட்டு வாங்கினார். அதற்காக அவர் பெரிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பிறகு பல வாரம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்து வேலை சொன்னார். ஒரு தடவை மட்டும், "உங்களுக்குச் சொல்லாம விட்டது என் தப்புண்ணே. ஆனா கோவம் இன்னும் போகல," என்றார். அது அவனுக்கு நியாயமாகவே பட்டது.

ஆடி மாதத்தில் அவனுடைய சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் முன்பு போலக் கேள்வி கேட்கவில்லை. "அடுத்து பாதம்" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பக்கத்தில் கிடந்தவன் திருவாதவூர்க்காரன், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இல்லாத காலை அவன் தூக்கத்தில் சொறியப் பார்ப்பான். காசிமாயன் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். பயமாக இருந்தது. பயம் இருக்கும்போதே பீடியும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே உடம்புக்குள் எப்படி இருக்கின்றன என்று அவன் யாரிடம் கேட்பான்?

வேலைக்குத் திரும்பியபோது எலி வீட்டில் புது வரிசை வந்திருந்தது. மறுபடி மாதக்கணக்கில் மருந்துத் தண்ணீர். அந்த மாதங்களில் அவன் பீடியைக் குறைத்தான், கூட்டினான், குறைத்தான். ஜெயக்கொடி தினமும் சாயங்காலம் அவன் சட்டைப் பைக்குள் கை விட்டுப் பார்த்து, விரலை முகர்ந்து பார்த்தாள். மருந்தை நிறுத்துகிற நாள் வந்தது. அன்று காலை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில கூண்டுகளுக்கு மட்டும் மருந்தைத் தொடர விட்டு, மற்றவற்றின் பாட்டில்களை ஆரிபா கழற்றும்போது காசிமாயன் பக்கத்தில் போய் நின்றான்.

"மேடம், நானும் இன்னைக்கு இதுகளோட நிறுத்துறேன்."

ஆரிபா ஒரு கணம் கையை நிறுத்தினார். "எலிக்கும் மனுசனுக்கும் கணக்கு வேறண்ணே. இதுகளுக்குச் சாத்துனா உங்களுக்கும் சாத்தும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"சத்தியமெல்லாம் ஏற்கெனவே பண்ணியாச்சு மேடம். தொணைக்குத்தான் கேக்குறேன்."

துணை நல்ல துணைதான். அவை சுற்றின, அவனும் சுற்றினான். கூண்டு வரிசைக்கும் கழுவுகிற தொட்டிக்கும் இடையில், காரணமில்லாமல், வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு நடந்தான். கட்டம் போட்ட பெட்டிக்குள் தன்னை விட்டிருந்தால் மேடத்துக்கு எண்ணி மாளாது என்று நினைத்துக்கொண்டான். வாட்ச்மேன் சுருளி டீக்கடையில் பழக்க தோஷத்தில் பீடியை நீட்டி, "இந்தா மாப்ள, ஒரு இழுப்பு. ஒரு இழுப்புல காலு ஒண்ணும் ஓடிப்போயிராது," என்றான். காசிமாயன் வாழ்க்கையில் முதல் தடவையாக நீட்டிய பீடியை வேண்டாம் என்றான். சுருளியின் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவின் பங்காளிக்குக்கூட இந்த அவமானம் நடந்ததில்லை. காசிமாயன் அன்று முழுவதும் அதற்காகவும் சேர்த்து நிலைகொள்ளாமல் திரிந்தான்.

பாட்டில்களைத் தினமும் அவனே மாட்டினான். எலிகள் முனையைக் கவ்விக் குடித்துவிட்டு விலகும்போது அவன் கை பைக்குப் போகும். பை காலி. "இல்லடா, எங்கிட்டயும் இல்ல," என்பான். பெரிய எலி ஒன்று பல்லைக் கடித்தது. அவன் எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தான். இல்லை என்று சொல்வதைவிடக் கஷ்டமான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை. கிணறு வெட்டியிருக்கிறான், கல் சுமந்திருக்கிறான்.

வாரங்கள் போயின. எலிகள் மெல்ல அடங்கின. தனக்கு அடங்குகிறதா என்று அவனுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சில நாள் அடங்கியது போலிருக்கும், ஒரு மழைத் தூறல் விழுந்து மண் வாசம் வந்தால் மறுபடி எல்லாம் எழுந்து நிற்கும்.

மூளையைப் பார்க்க வேண்டுமானால் எலி உயிரோடு இருக்க முடியாது. அது அவனுக்குத் தெரியும், இத்தனை வருஷமாக அவன்தான் பிடித்துக் கொடுப்பவன். அந்த நாளில் ஆரிபா, "நீங்க வெளிய இருங்கண்ணே" என்றார். "இல்ல மேடம், பழகுன கையி பிடிச்சா பதறாதுக," என்று அவனே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். பல்லைக் கடித்த பெரிய எலி உள்ளங்கையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அப்போது அவன் அழுதான். மறைக்கவும் இல்லை.

மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை நொறுக்கி, உப்புப் போட்டு, எலி மூளைகள் இருந்த தெர்மாகோல் பெட்டியில் நிரப்பி, அதைச் சுற்றி மரத்தூளை அடைத்துக் கட்டினான். மதுரை ஜங்ஷன் வரை மடியில் வைத்துக்கொண்டு போனான். ஆரிபா அதை வாங்கிக்கொண்டு, வாசல்களை எண்ணுகிற கருவி இருக்கிற ஊருக்கு ரயிலேறினார். ரயில் போன பிறகும் அவன் பிளாட்பாரத்தில் நின்றான். பக்கத்தில் ஒருவர் பீடி பற்ற வைத்தார். புகை வந்தது. காசிமாயன் மூச்சை அடக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நின்றுகொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ஆரிபா ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து, பதில் டிரங்க் காலில், அதாவது வெளியூர் போனில், வந்தது. ஆபீஸ் அறையிலிருந்து ஆரிபா ஏறக்குறைய ஓடி வந்தார்.

"சாத்திருச்சுண்ணே. மருந்து குடிச்சுக்கிட்டே இருந்த எலிக்கு வாசல் எக்கச்சக்கம். நிறுத்தி விட்டதுகளுக்கு வெறும் தண்ணி எலி அளவுக்கு இறங்கியாச்சு. ஏறக்குறைய ஒண்ணுதான்."

அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. காசிமாயனுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் அவன் வலது கை தானாக எழுந்து சட்டைப் பைக்குள் போனது. காலிப் பையைத் துழாவியது.

ஆரிபா அதைப் பார்த்துவிட்டார். "வேணுமாண்ணே?"

காசிமாயன் தனக்குள் தேடிப் பார்த்தான். அந்தப் பழைய பதற்றம் எங்கேயும் இல்லை. "வேணாம் மேடம். உள்ள கேக்கல. ஒரு நல்லது கெட்டதுன்னா கையி இங்கதான் வரும். அம்புட்டுத்தான்."

"அதுக்கு எங்கிட்ட டெஸ்ட் இல்லண்ணே," என்றார் ஆரிபா.

சாயங்காலம் ஜெயக்கொடி வழக்கம் போலப் பைக்குள் கை விட்டு விரலை முகர்ந்தாள். அவன் டிரங்க் கால் செய்தியைச் சொன்னான், கை பைக்குள் போன கதையையும் சொன்னான். அவள் பூக்கட்டுகிற நூலையும் ஊசியையும் எடுத்துவந்தாள். கொடியில் கிடந்த சட்டைகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டுப் பையின் வாயை நெருக்கமாகத் தைத்து மூடினாள். கல்யாணச் சட்டையைக்கூட விடவில்லை.

"மனசு இல்லைன்னு சொன்னேன்ல," என்றாள் தலை நிமிராமல். "நான் சொன்னது தப்புய்யா."

மறுநாள் காலை அவன் பஸ் டிக்கெட்டைக் காதில் சொருகிக்கொண்டு மண் பாதையில் இறங்கினான். ஜெயக்கொடி சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தான். வழியில் கை ஒரு தடவை எழுந்து வந்து, தையலில் முட்டி, கீழே இறங்கியது. ஆராய்ச்சிக் கூடத்து கேட்டில் நின்ற சுருளி, "என்ன மாப்ள, இன்னைக்கு மரத்தடியில நிக்காம வந்துட்ட?" என்று கேட்டான். அப்போதுதான் காசிமாயன் திரும்பிப் பார்த்தான். புளியமரம் ரொம்பப் பின்னால் இருந்தது.